டிஸ்லெக்சியா பயிற்சியில் சேருமுன்: எந்தச் சான்றிதழ் செல்லும்?

டிஸ்லெக்சியா என்பது வாசிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாடு. "டிஸ்லெக்சியா ஆசிரியர் பயிற்சி, சான்றிதழ் உண்டு" என்ற விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டுமுன் ஒன்று கேளுங்கள்: முடித்தால் சி.ஆர்.ஆர். எண் கிடைக்குமா?

இந்திய மறுவாழ்வு மன்றம் (ஆர்.சி.ஐ.) தன் மத்தியப் பதிவேட்டில் சேர்த்துத் தரும் எண் அது. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர் வேலைக்கு அதுதான் செல்லும். வார இறுதி வகுப்பும், அரசின் இணையவழிக் கல்வித் தளமான தீக்ஷா தரும் சான்றிதழும் வகுப்பறையில் உதவும், அந்த எண்ணை வாங்கித் தராது. எண் இல்லாமல் இந்தத் தொழில் செய்வது 1992-ஆம் ஆண்டு ஆர்.சி.ஐ. சட்டப்படி குற்றம்.

"ஆர்.சி.ஐ. அங்கீகாரம் பெற்றது" என்ற பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அங்கீகாரம் கட்டடத்துக்கு இல்லை, படிப்புக்கு. அதுவும் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு. அறிவுசார் குறைபாட்டுப் படிப்புக்கு வாங்கிய அனுமதி கற்றல் குறைபாட்டுப் படிப்புக்கு ஆகாது. கல்லூரி, படிப்பு, நீங்கள் சேரும் கல்வியாண்டு மூன்றும் ஆர்.சி.ஐ. இணையதளத்தில் சேர்ந்து இருந்தால் மட்டும் பணம் கட்டுங்கள்.

பட்டம் வாங்கியதும் எண் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். நம் ஊரில் இங்கே காலை வாருவது இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால், 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் பின்னால், பட்டத்தில் அப்பா பெயர் முழுதாக. பட்டம் அச்சாகுமுன் சரிசெய்துவிடுங்கள். பதிவைப் புதுப்பிக்க சி.ஆர்.இ. புள்ளிகள், அதாவது தொடர் பயிற்சிக்குக் கிடைக்கும் புள்ளிகள், வேண்டும். எந்தக் கருத்தரங்குக்கும் போகுமுன் புள்ளி உண்டா என்று கேளுங்கள். சாப்பாடும் பையும் மட்டும் தருகிற கருத்தரங்குகள் நிறைய.

இவ்வளவும் சிறப்பாசிரியர் ஆக நினைப்பவர்களுக்கு. வகுப்பில் ஒரு பிள்ளை தடுமாறுவதைக் கவனித்து எழுத, வகுப்பாசிரியருக்கு எந்த எண்ணும் தேவையில்லை. ஆனால் நடப்பது என்ன? "டாக்டர் சான்று கொண்டுவாங்கம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்கிறது பள்ளி. "ஸ்கூல் லெட்டர் எங்கே?" என்கிறது மருத்துவமனை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, 16-ஆம் பிரிவில் கற்றல் குறைபாட்டைச் சீக்கிரம் கண்டறியும் கடமையைப் பள்ளியிடம்தான் கொடுத்திருக்கிறது. 3-ஆம் வகுப்பு அல்லது 8 வயதில் ஆசிரியர் கவனித்துச் சொல்ல வேண்டும். அதற்கு முன் சான்று கேட்டு அலைவது வீண்.

ஆசிரியர்களே, மருத்துவமனைக்குத் தரும் கடிதத்தில் 'டிஸ்லெக்சியா' என்று எழுதாதீர்கள். குறைபாட்டின் பெயரைச் சொல்வது மருத்துவக் குழுவின் வேலை. கண்டதை எழுதுங்கள்: வாயால் கேட்டால் சரியாகச் சொல்கிறான், எழுதச் சொன்னால் பக்கம் காலி, வாசிக்கும்போது எழுத்தெழுத்தாகக் கூட்டுகிறான், பழகிய சொல்லும் அடுத்த வரியில் புதிதாகிறது. ல-ள-ழ, ர-ற குழப்பத்தை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், அது பாதி வகுப்புக்கு இருக்கும். தேதி போட்ட நோட்டுப் பக்கங்களின் நகல், கண், காது பரிசோதனைச் சீட்டு இரண்டையும் சேர்த்து அனுப்பினால் ஒரு நடை மிச்சம்.

பெற்றோர் அதிகம் ஏமாறுவது வயதில். 8 வயதில் வாங்கிய சான்று 14 வரைதான் செல்லும். 14-லும் 18-லும் மறுபரிசோதனை உண்டு. பொதுத்தேர்வு வருவது 15-ல். பழைய சான்றோடு போனால் கூடுதல் 1 மணி நேரமும் போய்விடும், சொல்வதை எழுதுபவரும் கிடைக்க மாட்டார்.

"குறைபாடு 40 சதவீதம் இல்லையே" என்று மறுத்தால், அதே 2016 சட்டத்தின் 17-ஆம் பிரிவைக் காட்டுங்கள். கூடுதல் நேரம், எழுதுபவர், இரண்டாம் மொழி விலக்கு எல்லாம் அங்கே இருக்கின்றன. 40 என்ற எண் இல்லை. எழுதுபவர் விஷயத்தில் உச்ச நீதிமன்றமும் 2021-ல், விகாஷ் குமார் வழக்கில், அந்த வரம்பை ஏற்கவில்லை.

மறுபரிசோதனையை 9-ஆம் வகுப்புத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள். அந்த ஆண்டுக் காலாண்டுத் தேர்வையே எழுதுபவரை வைத்து எழுதப் பழக்குங்கள். விடையை வாயால் வரிசையாகச் சொல்வது தனிப் பழக்கம், பொதுத்தேர்வு அறையில் முதல்முறை செய்தால் கூடுதல் நேரம் அதிலேயே கரைந்துவிடும்.