ஒரு சங்கிலியில் ஏழு பூட்டு: தோட்டத்துக் கேட்டும் கடைக்கதவும் எவ்வளவு தாங்கும்?

சுங்கை சிப்புட்டோ பீடோரோ, மலேசியாவின் பேராக் மாநிலத்தில் எந்தத் தோட்டப்பட்டணத்துக்குப் போனாலும் செம்பனைத் தோட்டத்தின் பின்வாசல் கேட் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். குறுக்கே ஓர் இரும்புக் குழாய், அதன் நுனியில் சங்கிலி, சங்கிலியில் ஒன்றோடொன்று கோத்த பூட்டுகள். ஆபீஸுக்கு ஒன்று, குலை ஏற்றும் லோரிக்காரருக்கு ஒன்று, மின்கம்பி பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று, பக்கத்துத் தோட்டத்துக்கு ஒன்று, மாடு வளர்ப்பவருக்கு ஒன்று, போதாததற்கு யாருடையது என்றே தெரியாத இரண்டு. யார் தன் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி கழன்றுவிடும்.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் ஆபீஸ் பூட்டு நூற்றைம்பது வெள்ளியா (ரிங்கிட்) பத்து வெள்ளியா என்பதற்கு இங்கே அர்த்தமே இல்லை. ஏழில் எது சொத்தையோ அதுதான் கேட்டின் பலம். அதனால் இங்கே முதல் வேலை புதுப்பூட்டு வாங்குவது அல்ல. உரிமையாளர் தெரியாத பூட்டுகளை அறிவிப்புக் கொடுத்துவிட்டு அறுத்து எடுப்பது. மிச்சமிருக்கிறவர்கள் இன்ன தடிமனுக்குக் குறையாத பூட்டுத்தான் மாட்டலாம் என்று எழுதிக் கொடுப்பது.

கடைத்தெருவுக்கும் இதே கணக்குத்தான். சுவர், நிலை, கீல், கொண்டி, நாதாங்கி, பூட்டு, சாவி வைத்திருப்பவர் எல்லாம் ஒரே வரிசையில் கோத்தவை. வருகிறவன் வரிசையில் எது இளகுகிறது என்று பார்ப்பானே தவிர, பூட்டோடு மல்லுக்கட்ட மாட்டான். எனவே சோதனையைச் சுவரிலிருந்து தொடங்குங்கள். பூட்டு கடைசி.

கதவை மூடிப் பூட்டிவிட்டு வெளியே நின்று பாருங்கள். கொண்டியின் திருகுத் தலை ஒன்றாவது கண்ணில் படுகிறதா? பட்டால் பூட்டுக்கு வேலையே இல்லை. ஒரு ஸ்குரூடிரைவர் போதும். கொண்டியைப் பிடிக்க வேண்டியது மரத்திருகு அல்ல, கதவை ஊடுருவிப் போகும் போல்ட். வெளியே வழவழப்பான உருண்டைத் தலை, உள்ளே அகலமான வாஷர், நட்டு. இரும்புக் கதவில் பற்றவைத்திருந்தால் வெல்டிங் முழு நீளத்துக்கும் ஓடியிருக்கிறதா, அல்லது நாலு பொட்டு வைத்து மேலே பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். பொட்டு வெல்டிங் நெம்பினால் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். நாதாங்கியின் தடிமனையும் அளக்க வேண்டும். 12 மி.மீ. கம்பியுள்ள பூட்டை 5 மி.மீ. நாதாங்கியில் மாட்டிய கடைகள் எல்லா ஊரிலும் உண்டு. கதவு வெளிப்பக்கம் திறப்பதானால் கீல் அச்சு தெருவைப் பார்த்து நிற்கும். அச்சைத் தட்டி எடுத்தாலும் கதவு வராதபடி, கீல் பக்கத்தில் நிலைக்குள் நுழையும் இரும்பு முளைகள் இரண்டு வேண்டும்.

இனி பூட்டு. வெர்னியர் அளவியால் பூட்டின் வளைகம்பியை அளங்கள். 6 மி.மீ. கம்பியின் வெட்டுமுகம் சுமார் 28 சதுர மி.மீ.; 12 மி.மீ. கம்பிக்கு 113. தடிமன் இரண்டு மடங்கானால் அறுக்க வேண்டிய உலோகம் நான்கு மடங்கு. கையில் தூக்கிப்போகும் கம்பிவெட்டி மெல்லிய கம்பியில் ஒரே அழுத்தில் வேலையை முடிப்பதும், தடித்த கம்பியில் வாய் மழுங்குவதும் இதனால்தான். கம்பி கடினப்படுத்தியதா என்று அறிய ஒரு பழைய அரத்தை அதன் ஓரத்தில் இலேசாகத் தேய்க்கலாம். அரம் கடித்துத் துகள் விழுந்தால் சாதா இரும்பு. கண்ணாடியில் போவதுபோல் வழுக்கினால் கடினப்படுத்திய எஃகு. உடல் பித்தளையா என்பதற்குக் காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் முலாம். ஒட்டாவிட்டாலும் அவசரப்பட வேண்டாம். அடிப்பக்கம் சுரண்டிப் பார்த்தால் வெள்ளையாகத் தெரிவது துத்தநாக வார்ப்பு.

அடுத்து, பூட்டைத் திறந்து கம்பியின் கால்களைப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் சாய்வான வெட்டு இருந்தால் உள்ளே சுருள்வில் தள்ளும் சிறு நாக்கு ஒன்றுதான் பிடிக்கிறது. கம்பியை ஒட்டி மெல்லிய தகடு செருகினாலே அந்த நாக்கு பின்வாங்கிவிடும். இரண்டு காலிலும் அரைவட்டக் குழி இருந்தால் உள்ளே எஃகுக் குண்டுகள் பிடிக்கின்றன. நடுவில் நிற்கும் அச்சு சாவியால் திரும்பினால் ஒழிய குண்டுகள் நகர இடமே இல்லை என்பதால் தகடு அங்கே பலிக்காது. கடையில் வாங்கும்போதே திறந்து பார்த்துவிடலாம், காசு கேட்க மாட்டார்கள். ஐரோப்பாவின் இஎன் 12320 தரநிலை தொங்குபூட்டுகளை 1 முதல் 6 வரை தரம் பிரிக்கிறது. எண் ஏற ஏற உறுதி கூடும். அட்டையில் அந்த எண் இருந்தால், "ஹெவி டியூட்டி" என்ற வாசகத்தை விட அதை நம்பலாம்.

பேட்டரியில் ஓடும் கிரைண்டருக்கு முன்னால் வழக்கமான பூட்டு எதுவும் நிலைக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு மருந்து பூட்டில் இல்லை. சத்தம் கேட்கும் இடத்தில், வெளிச்சத்தில் பூட்டு இருக்க வேண்டும். ஐந்தடி நடைபாதைப் பக்கம் பெரிய பூட்டும், இருட்டான பின்சந்துக் கதவில் சின்னப் பூட்டும் போடும் வழக்கத்தைத் தலைகீழாக்க வேண்டும்.

சாவித்துளைக்குள் நடப்பது தனிக்கதை. இன்றைய பூட்டுகளில் பெரும்பாலானவை அமெரிக்கரான லைனஸ் யேல் இளையவர் 1860களில் செம்மைப்படுத்திய ஊசி அமைப்பின் வாரிசுகள். நிலையான உடலுக்குள் ஓர் உருளை. இரண்டையும் ஊடுருவி ஐந்து துளைகள். ஒவ்வொன்றிலும் கீழூசி, மேலூசி, அதன் மேல் சுருள்வில். சாவி இல்லாதபோது மேலூசிகள் உருளைக்கும் உடலுக்கும் நடுவே குறுக்கே நின்று திரும்ப விடாது. சரியான சாவியின் பள்ளங்கள் ஐந்து கீழூசிகளையும் சரியான உயரத்துக்குத் தூக்கும்போது, இரண்டு ஊசிகளும் சந்திக்கும் இடம் உருளையின் விளிம்போடு ஒரே கோட்டில் வரும், உருளை திரும்பும். ஐந்து ஊசிக்கு ஆறு ஆழம் என்றால் 7,776 சாவி வகை. இது காகிதக் கணக்கு. மலிவான பூட்டுகளில் புழங்கும் வகைகள் இதைவிடக் குறைவு. ஒரே பெட்டியில் வந்த பூட்டுகளின் சாவிகளில் பொறித்த எண்ணை ஒப்பிட்டால், இரண்டு பூட்டுக்கு ஒரே எண் அகப்படுவதும் உண்டு.

துளைகள் ஒருபோதும் நூல் பிடித்தாற்போல் நேராக அமைவதில்லை. அதனால் உருளையை இலேசாக முறுக்கும்போது ஐந்தில் ஏதோ ஓர் ஊசி முதலில் இறுகும். ஒவ்வோர் ஊசியாகத் தள்ளித் திறக்க முடிவது இந்தக் குறையால்தான். விலை கூடிய பூட்டில் இடைவெளிகள் நுணுக்கமானவை. மேலூசிகள் உடுக்கை போல் நடுவில் ஒடுங்கியிருக்கும். முறுக்கினால் ஒடுங்கிய இடத்தில் உருளையின் விளிம்பு மாட்டிக்கொள்ளும்; திறந்துவிட்டதுபோல் சற்றே திரும்பி நின்றுவிடும்.

திறக்கவே முடியாத பூட்டு என்று ஒன்று உண்டா? லண்டனில் ஜோசப் பிராமாவின் பூட்டு, திறப்பவருக்கு 200 கினி (பழைய ஆங்கிலப் பொற்காசு) என்ற சவாலோடு பல ஆண்டுகள் கடைச் சன்னலில் கிடந்தது. 1851இல் அமெரிக்கப் பூட்டுத் தொழிலாளர் ஏ. சி. ஹாப்ஸ் 16 நாள்களில் மொத்தம் 51 மணி நேரம் உழைத்து அதைத் திறந்தார். நம் கடைத்தெருவில் அப்படி யாரும் உட்கார்ந்து திறக்கப் போவதில்லை. இங்கே சாவியின் நகல்தான் பெரிய ஓட்டை. வேலையை விட்டுப் போனவரிடம் எத்தனை சாவி இருக்கிறது என்று கேட்டால் பல தவுக்கேக்களுக்கு, அதாவது கடை முதலாளிகளுக்கு, பதில் தெரியாது. எல்லா அறைக்கும் பொதுவான மாஸ்டர் சாவி இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். ஒவ்வொரு துளையிலும் ஒரு கூடுதல் வில்லை சேர்ப்பதால், ஐந்து துளைக்கு 32 வெவ்வேறு சாவிகள் அதே கதவைத் திறக்கும். சாதாரண அறைச்சாவி ஒன்றும் அதற்குரிய பூட்டும் கையில் இருந்தாலே மாஸ்டர் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று மேட் பிளேஸ் என்ற கணினி ஆய்வாளர் 2003இல் விளக்கி எழுதினார். பணம் வைக்கும் அறையை மாஸ்டர் வரிசையில் சேர்க்காமல் தனிச்சாவியில் விட்டுவிடுவது நல்லது.

தோட்டப்பட்டணத்துக்கே உரிய எதிரி ஒன்று இருக்கிறது. அதற்குக் கடப்பாரை வேண்டாம். ரப்பர்ப் பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்க்கிறார்கள். உரக் கிடங்கில் சிந்திய யூரியா ஈரமண்ணோடு சேர்ந்தாலும் அம்மோனியாதான் வெளிவரும். பித்தளைக்கு அது விஷம். பூட்டு உடலுக்குப் பயன்படும் பித்தளையில் பொதுவாக நாற்பது விழுக்காட்டுக்குப் பக்கத்தில் துத்தநாகம் இருக்கும். அடித்தும் இழுத்தும் அழுத்தியும் உருவாக்கிய உலோகத்துக்குள் ஓர் இழுவிசை எப்போதும் ஒளிந்திருக்கும். ஈரக்காற்றில் கரைந்த அம்மோனியா உலோகப் படிகங்களின் எல்லைகள் வழியே செம்பை அரிக்க, அந்த இழுவிசை அரித்த இடத்தைப் பிளந்துகொண்டே போகும். வெளியே பெரிதாக எதுவும் தெரியாது; ஒருநாள் சட்டென்று வெடித்து நிற்கும். இந்தியாவில் ஆங்கிலேய ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் இப்படித்தான் வெடித்தன. காரணம் குதிரைச் சிறுநீரின் அம்மோனியா என்பதை 1921இல்தான் ஆய்வாளர்கள் உறுதிப்படுத்தினார்கள்.

ஆகவே பால் கொட்டகைப் பூட்டிலும் உரக் கிடங்குப் பூட்டிலும் சாவித்துளையைச் சுற்றி நீலப்பச்சைக் கறை தெரிகிறதா, வளைகம்பி இறங்கும் துளையின் விளிம்பில் மயிரிழை வெடிப்பு உண்டா என்று மாதம் ஒருமுறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். கறை தெரிந்தால் துடைத்து மாட்டாதீர்கள், மாற்றிவிடுங்கள். எஃகுக்குப் போனால் பிரச்சினை தீர்ந்ததா என்றால், இல்லை. செம்பனைக்குப் போடும் பொட்டாஷ் உரம் குளோரைடு உப்பு. சாதா எஃகு துருப்பிடிக்கும். 304 வகைத் துருவேறா எஃகில்கூடப் பொட்டுப் பொட்டாகக் குழி விழும். 316 வகை மேல். எதுவானாலும் பூட்டின் மேல் ரப்பர் மூடி போட்டு, கிடங்கின் காற்று வெளியேறும் சன்னலிலிருந்து தள்ளி மாட்டுங்கள். உள்ளே சமையல் எண்ணெய் விடவே கூடாது. அது செம்மண் தூசியைப் பிடித்துப் பிசினாகி ஊசிகளை ஒட்டவைத்துவிடும். கிராஃபைட் தூள் சிறிது போதும்.

கடைகளின் ரோலர் ஷட்டருக்கு வருவோம். நடுவில் ஒரு சாவி. அது திரும்பினால் இருபக்கமும் கம்பிகள் நீண்டு ஓரச் சட்டத்துக்குள் போகும். கம்பி நுனி சட்டத்துக்குள் எவ்வளவு ஆழம் போகிறது என்று உள்ளிருந்து அளந்து பாருங்கள். 10 மி.மீ. மட்டுமே என்றால் ஷட்டரின் நடுவை நெம்பி வளைத்ததும் நுனி வெளியே வந்துவிடும். 25 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். கீழ்ப்பட்டையின் இரு ஓரங்களிலும் தரை வளையத்தோடு பூட்டு வேண்டும். அந்த வளையம் கான்கிரீட்டுக்குள் கொக்கியாக வளைந்து இறங்கியிருக்க வேண்டும். மேற்பூச்சு சிமெண்டில் நட்ட வளையம் கடப்பாரைக்குப் பல்லைக் காட்டும்.

ரிமோட்டில் ஓடும் ஷட்டராக இருந்தால் ஒரே கேள்விதான்: அழுத்தும்போதெல்லாம் குறியீடு மாறுகிறதா? உள்ளே வரிசையாகச் சிறு சுவிட்சுகள் தெரிந்தால் மாறாத குறியீடு. எட்டுச் சுவிட்சுக்கு 256 வகை, பன்னிரண்டுக்கு 4,096. ஒரு கருவி நொடிகளில் எல்லாவற்றையும் முயன்றுவிடும். கார்டு தட்டித் திறக்கும் கதவிலும் 125 கிலோஹெர்ட்ஸ் வகைக் கார்டு வெறும் எண்ணைத்தான் சொல்கிறது, நகலெடுப்பது சாவி வெட்டுவதைவிட எளிது. மின்காந்தப் பூட்டு 280 கிலோ தாங்கும் என்று எழுதியிருந்தாலும், தகடு காந்தத்தோடு ஒரு மி.மீ. விலகி நின்றால் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மின்சாரம் போனால் கதவு திறந்துகொள்ளும் என்பதால் பேட்டரியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திச் சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பலப்படுத்திய பிறகு உள்ளே நின்று ஒருமுறை பாருங்கள். மலேசியாவின் 1984ஆம் ஆண்டு சீரான கட்டட உபவிதிகளில் 173ஆம் விதி, வெளியேறும் கதவுகள் உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க வேண்டும் என்கிறது. ஆள் இருக்கும் நேரத்தில் பின்சந்துக் கிரில்லை உள்ளே பூட்டிச் சாவியைக் கல்லாவில் போட்டு வைப்பது திருடனைத் தடுக்கலாம். தீப்பிடித்தால் போம்பா (தீயணைப்புப் படை) வந்து சேரும் வரை யாரும் வெளியே வர முடியாது. அந்தக் கதவுக்கு, வெளியே சாவித்துளையும் உள்ளே கையால் திருகும் குமிழும் கொண்ட சிலிண்டர் பூட்டுப் போடுங்கள். பலர் வேலை செய்யும் இடமென்றால் தள்ளினால் திறக்கும் குறுக்குக் கம்பி. குமிழுக்கு எதிரே கண்ணாடியோ அகலமான கிரில் இடைவெளியோ இருந்தால், வெளியிலிருந்து கை நுழையாதபடி அந்த இடத்தைத் தகடு வைத்து அடைத்துவிடுங்கள்.