போலி: இலக்கணத்தில் நல்ல பெயர், கடைவீதியில் கெட்ட பெயர்

கப்பலில் வேலை பார்த்த என் சித்தப்பா புகைபிடிக்கும் பைப் ஒன்று கொண்டுவந்திருந்தார். அவர் அதைப் பிடித்து நான் பார்த்ததில்லை. அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைபோல் இருந்தது. போன வருஷம் அவர் மகன் அதைத் தக்கலைப் பக்கம் ஒரு கடைசல் பட்டறைக்கு எடுத்துப்போய், “இதே மாதிரி ஒண்ணு வேணும்” என்று கேட்டான். ஆசாரி பலாமரத்தில் கடைந்து கொடுத்தார். தூரத்தில் வைத்தால் எது எது என்று சொல்ல முடியாது. ஆனால் பைப்பில் தண்டு வழியாக வரும் நுண்ணிய துளை, புகையிலை வைக்கும் கிண்ணத்தின் அடியில் போய்த் திறக்க வேண்டும். இவருடையதில் அது கிண்ணத்தின் பாதி உயரத்தில் திறந்திருந்தது. கேட்டதற்கு, “வெளியே பாத்தத செஞ்சேன் சாரே, உள்ளே யாரு பாத்தா?” என்றார்.

வீட்டில் பேச்சு கிளம்பியது. இது காப்பியா, டூப்பா, இமிட்டேஷனா? தம்பி மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னான். மூன்றும் ஒன்றல்ல என்பதால்தான் இந்தக் குறிப்பு.

முதலில் பைப்பையே தீர்த்துவிடலாம். புகைக்குழாய் என்று எழுதுகிறோம், தவறில்லை. அகராதிகளிலும் இலங்கைத் தமிழிலும் ‘சுங்கான்’ என்ற சொல் இருக்கிறது. நம் கடற்கரைக்காரர்கள் இதைச் ‘சுக்கான்’ என்று வாசித்துவிடக்கூடாது. அது படகைத் திருப்புவது, அரபிலிருந்து வந்த சொல். இனிச் சுங்கான் என்றே எழுதுகிறேன்.

காப்பிக்கு நாம் சொல்லும் ‘நகல்’ அரபுச் சொல். மூலப் பொருள், ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எடுத்துச் செல்லுதல். எழுத்தை ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குக் கொண்டுபோவது நகல். பத்திரப் பதிவு அலுவலகத்தில் அது சரியான இடத்தில் இருக்கிறது. (தமிழிலும் ஒரு ‘நகல்’ உண்டு, சிரித்தல் என்று பொருள். 999-ஆம் குறளில் வரும் ‘நகல்வல்லர்’ சிரித்து மகிழத் தெரிந்தவர், செராக்ஸ் கடைக்காரர் அல்லர்.) தனித்தமிழ் வேண்டுமென்றால் ‘படி’ இருக்கிறது, கல்வெட்டைப் படியெடுத்தார்கள் என்கிறோமே, அதுதான்.

நகலின் எதிர்ச்சொல்லான ‘அசலு’ம் அரபுதான். அங்கே அதற்கு வேர் என்று பொருள். வட்டிக்கடையில் அசலும் வட்டியும் என்னும்போது அந்த வேர்ப்பொருள் அப்படியே நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், குழந்தையைப் பார்த்து “அசல் அப்பனேதான்” என்கிறோம். வேரைக் குறித்த சொல், அச்சாக ஒத்திருப்பதைக் குறிக்க வந்துவிட்டது! ‘அண்டை அசல்’ என்பதில் வரும் அசல் வேறு, அது ‘அயல்’.

இப்போது போலி. ‘போல்’ என்ற உவம உருபை எல்லாரும் அறிவோம். போல இருப்பது போலி, அவ்வளவுதான். அதில் ஏமாற்று எதுவும் இல்லை. பள்ளியில் படித்த போலிகளை நினைத்துப் பாருங்கள். மஞ்சு, மைஞ்சு என வருவது முதற்போலி. பந்தல், பந்தர் என்றும் அறம், அறன் என்றும் வருவது கடைப்போலி. ஓர் எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தும் பொருள் கெடவில்லை என்றால் அதற்குப் பெயர் போலி. இலக்கணப்போலி இன்னும் ஒரு படி மேலே. ‘இல்முன்’ என்பது முன்பின்னாக மாறி ‘முன்றில்’ ஆனது. சான்றோர் வழங்கியதால் இலக்கணமுடையதைப் போலவே அதை ஏற்றுக்கொண்டார்கள். யாரும் பந்தரைப் பிடித்து, நீ பந்தலின் டூப்பு என்று வழக்குப் போடவில்லை. போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்று வந்த பிறகுதான் சொல் முழுக்கக் கறுத்துப்போனது.

சுங்கான் உலகத்தில் இந்த வேறுபாடு தினசரிப் பேச்சு. நல்ல சுங்கான் பிரையர் என்ற மரத்தில் செய்யப்படுவது. மத்தியதரைக் கடலோரம் வளரும் எரிக்கா ஆர்போரியா என்ற புதரில் வேருக்கும் தண்டுக்கும் இடையில் திரளும் முடிச்சு அது. சூட்டுக்குச் சட்டென்று கருகாது. பிரான்சின் செயின்ட் கிளாட் ஊரில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இதைக் கடைகிறார்கள். பில்லியர்டு, ஆப்பிள், டப்ளின், புல்டாக் என்று வடிவங்களுக்குப் பெயர் உண்டு. நேரான தண்டும் லேசாக வயிறு வைத்த கிண்ணமும் உள்ள பில்லியர்டை யார் வேண்டுமானாலும் செய்யலாம், அதைத் திருட்டு என்று ஒருவரும் சொல்வதில்லை. கல்சிற்பத்துக்குப் பேர்போன மயிலாடியில் பத்துப் பட்டறையில் பத்துப் பிள்ளையார் அடிக்கிறார்கள்; அளவு ஒன்றே, கை வேறு. அதேதான்.

ஆனால் டன்ஹில் நிறுவனத்தின் சுங்கானில் வாய்க்குழாயின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். பில்லியர்டு செய்வது ‘போலச் செய்தல்’. அந்தப் புள்ளியையும் சேர்த்து வைத்தால் கடைவீதிப் போலி. வடிவம் பொய் சொல்வதில்லை. செய்தவர் யார் என்று சொல்லும் இடத்தில்தான் பொய் நுழைகிறது.

நம் நாகர்கோவில் வடசேரியிலும் இதே சங்கதிதான். வெள்ளியில் செய்து, தங்க ரேக்கு ஒட்டி, சிவப்புக் கல் பதித்த கோயில் நகையை அசல் என்கிறோம்; மலிவான உலோகத்தில் வருவதை இமிட்டேஷன் செட் என்கிறோம். சரி, நாட்டியக்காரிக்காகச் செய்த அந்த அசல் எதைப் பார்த்துச் செய்தது? சாமிக்குச் சாத்திய நகையைப் பார்த்து. அதனால் ‘முதலில் வந்தது’ என்ற ஒரே பொருளில் ஒரிஜினல் என்று சொல்ல ஆரம்பித்தால் எங்கேயும் நிற்க இடம் கிடைக்காது. ஒரிஜினல் என்பதற்கு அடியான லத்தீன் வினையின் பொருளே எழுதல், உதித்தல்தான். ஓரியன்ட், அதாவது கிழக்கு, அதே வேரில் பிறந்தது.

என் கணக்கில் இமிட்டேஷனுக்குப் ‘போலச் செய்தல்’ போதும். திறனாய்வாளர்கள் ஏற்கெனவே புழங்கும் சொல், பழி சுமத்தாத சொல். ஒரிஜினலுக்கு ‘முதல்’ என்பேன். அசலைப் போலவே அதற்கும் தொடக்கம், வட்டிக்கு விட்ட பணம் என இரண்டு பொருளும் உண்டு. இரண்டுக்கும் நடுவில் ஒன்று வேண்டும். அதுதான் இங்கே முக்கியம். முன்னோர் செய்ததன் முடிவை ஏற்றுக்கொண்டு, பின்னவன் தான் வேண்டிய வேறுபாட்டைச் சேர்த்தால் அது வழிநூல் என்கிறது நன்னூல். நூலுக்கு வைத்த அந்தச் சொல்லை வடிவத்துக்கும் இழுக்கலாம்: வழிவடிவம்.

இதற்கு எடுத்துக்காட்டு டென்மார்க்கில் கிடைக்கிறது. லார்ஸ் ஐவர்சன் என்ற கைவினைஞர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘புளோஃபிஷ்’, அதாவது உப்பும் மீன், என்ற சுங்கான் வடிவம் ஒன்று உண்டு. இரு பக்கமும் உப்பி, நடுவில் ஒரு வரம்பு ஓடும். உப்பிய பக்கங்களில் மரத்தின் புள்ளிப் புள்ளியான ரேகை தெரியும். வரம்பில் நீள ரேகை. ரேகையைப் பார்த்துத்தான் அறுக்கிறார்கள், ஆகவே இரண்டு கட்டைகளில் ஒரே மீன் வராது. அவருடைய தந்தை சிக்ஸ்டன் ஐவர்சனிடம் கற்ற ஜப்பானியர் ஹிரோயுகி டோகுடோமியும் இந்த மீனைச் செய்தார், தன் கைக்கு ஏற்ப ஒரு பக்கம் சாய்த்து. அது வழிவடிவம். படத்தை மட்டும் பார்த்து, ரேகை எந்தப் பக்கம் ஓடினாலும் சரி என்று உப்ப வைப்பது எங்கள் ஆசாரியின் துளையைப் போன்றது.

அந்த மீனுக்கும் தமிழ் தேட வேண்டியதில்லை. குளச்சலில் வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். சுங்கான் என்று அவருக்குத் தெரியவில்லை. “இது பேத்தையில்லா? வாலுல என்னத்துக்கு ஓட்டை?” என்றார்.