உருகாமல் ஒட்டும் எஃகு

காசிமேட்டில் படகு வேலை பார்க்கும் வெல்டர் அண்ணன் ஒருவர் நமுத்துப்போன ராடைத் தொடமாட்டார். "ஈர ராடுல அடிச்சா பொத்தல் விழும்பா" என்பார். பொத்தல் என்றால் தேய்த்துவிட்டு மறுபடி அடிக்கலாம். கவச எஃகில் அப்படி முடியாது. ஈரத்திலிருந்து பிரியும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்ளும். வேலை முடிந்து ஒன்றிரண்டு நாள் கழித்துக்கூட விரிசல் விடும்.

டாங்கி போன்ற வண்டிகளுக்கான இந்த எஃகின் கடினம், கடினத்தை அளக்கும் பிரினெல் கணக்கில், 500 அளவுக்குப் போகும். கிரில் கேட் இரும்புக்கு 120 சொச்சம்தான். காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து ஏற்றிய கடினம் அது. மறுபடி சூடு காட்டினால் இறங்கிவிடும்.

சரி, உருக்காமலே ஒட்டினால்? 1991-இல் இங்கிலாந்தின் வெல்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிறந்த உராய்வுக் கலக்கல் வெல்டிங் அதைத்தான் செய்கிறது. ஆடி மாதக் கூழுக்குக் களி கிண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். துடுப்பு சுழலச் சுழல இரு பக்கத்து மாவும் ஒன்றாகிவிடும். இங்கே துடுப்பின் இடத்தில் சுழலும் ஒரு முளை. அதன் மேலே அகன்ற தோள். இரண்டு தகடுகள் சேரும் கோட்டில் டன் கணக்கான அழுத்தத்தோடு முளை இறங்கும். உராய்வில் எஃகு 1,000 டிகிரியைத் தாண்டிக் களியாக இளகும், ஆனால் உருகாது. முளை நகர, பின்னால் இரண்டும் ஒன்றாகி இறுகும். ராடும் இல்லை, அதன்மேல் பூசும் ஃபிளக்ஸும் இல்லை என்பதால் ஹைட்ரஜன் தொல்லை பெரிதும் குறைகிறது.

மென்மையாகும் தொல்லை மட்டும் முழுக்கப் போகவில்லை. கலந்த இடம் குளிரும்போது மறுபடி கடினமாகிவிடும். அதை ஒட்டி, அரைகுறைச் சூடு பட்ட பட்டைதான் கடினம் இறங்கி நிற்கும்.

பெரிய தலைவலி முளைதான். அலுமினியத்துக்கு, கருவிகள் செய்யும் சாதாரண டூல் ஸ்டீல் போதும். செந்தணலான எஃகைக் கிண்ட அது எம்மாத்திரம்? வைரமும் உதவாது; அந்தச் சூட்டில் அதன் கார்பன் இரும்பில் கரைந்துவிடும். அதனால் டங்ஸ்டன்-ரீனியம் கலவை, அல்லது வைரத்துக்கு அடுத்த கடினமுள்ள கியூபிக் போரான் நைட்ரைடு. இரண்டுமே கொள்ளை விலை, அப்புறம் தேய்மானம் வேறு.

அண்ணனிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "கடைசில முளைய வெளிய எடுத்தா ஓட்டை நிக்குமே?"

நிற்கும். அதற்காகவே தகட்டின் முனையில் ஒரு துண்டைச் சேர்த்து வைத்து, வெல்டிங்கை அதற்குள் ஓடவிட்டு, ஓட்டையோடு வெட்டி எறிகிறார்கள்.