உப்புச் சாடியும் தூசு உண்ணியும்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதிய வாசகி ஒருவர், ஐஸ்கிறீம் வாங்கிக் கொடுத்ததனால்தான் தமது மகனுக்குத் தொய்வு (ஆஸ்துமா) வந்ததா என்று கேட்டிருந்தார். இல்லை. பெற்றோருக்குத் தொய்வோ ஒவ்வாமையோ இருத்தல், குறைமாதப் பிறப்பு, கருவிலிருக்கும்போதும் பிறந்த பின்னரும் படும் சிகரெட் புகை, சிறுவயதில் மூச்சிரைப்புடன் வரும் வைரசுத் தொற்றுகள், கரப்பன், உடற்பருமன், பேக்கரி மாவு போன்ற தொழிற்றூசு ஆகியவையே நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. இவை இருந்தால் நோய் வந்தே தீரும் என்பதுமில்லை.

இன்னொன்றை வேண்டுமென்றே விட்டுவைத்தேன்: தலையணைக்குள் வாழும் தூசு உண்ணி. ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு நீளமே கொண்ட இவ்வுயிரி, நாம் உதிர்க்கும் தோற்செதில்களைத் தின்று வாழ்கிறது. குடிப்பதற்குத்தான் அதற்கு நீர் கிடையாது. மாரியில் குசினி உப்புச் சாடி கசிந்து, அடியில் நீர் தேங்குவதை எங்கள் ஊரில் அறியாதவர் இல்லை. உண்ணி வாழ்வதும் அந்தக் கசிவினால்தான். அதன் முதற் கால்களின் அடியருகே உள்ள சுரப்பிகளிலிருந்து வரும் உப்புக் கரைசல், காற்றிலுள்ள நீராவியை ஈர்த்தெடுத்து, நுண்ணிய வாய்க்கால் ஒன்றின் வழியே வாய்க்குள் வழிகிறது. காற்று வறண்டால் அதே உப்பு உறைந்து சுரப்பியின் துவாரத்தை அடைத்து, உடலின் நீரைக் காக்கிறது. உப்புவெளிக்கு ஏற்ற பிராணிதான்!

தீங்கு அதன் எச்சத்தில் இருக்கிறது. எச்சத்திலுள்ள சமிபாட்டு நொதியம், சுவாசக் குழாயின் உட்பரப்புக் கலங்களை நெருக்கமாகப் பிணைத்திருக்கும் புரதங்களை வெட்டிவிடுவதால், எச்சப் புரதங்கள் அந்த இடைவெளியினூடே உள்ளே இறங்குகின்றன. ஒவ்வாமை இயல்புள்ள பிள்ளையின் உடல் அவற்றுக்கெதிராகப் பிறபொருளெதிரிகள் எனும் எதிர்ப்புப் புரதங்களை ஆக்கி வைத்துக்கொள்கிறது. பிறகு தூசு பட்டதும் குழாய்த் தசை இறுகி, சளி பெருகி, நெஞ்சில் விசில் சத்தம் எழுகிறது.

எங்கள் தலையணைகளில் மாரியில் எத்தனை உண்ணிகள், வறண்ட கச்சான் காற்று வீசும் நாட்களில் எத்தனை என்று எண்ணிப் பார்க்க ஒரு நுணுக்குக்காட்டியும் பொறுமையுள்ள இரண்டு மாணவர்களும் போதும். இத்தகைய சிறு வேலைக்கு நிதி கொடுப்பார்தான் அரிது. உறைகளை 55 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சுடுநீரில் துவைத்தால் உண்ணிகள் சாகும். ஆயினும் அது ஒன்றே தொய்வைத் தடுத்துவிடும் என்று ஆய்வுகள் உறுதிப்படுத்தவில்லை. ஐஸ்கிறீமுக்காகத் தாயைக் கடிந்துகொள்ளும் உறவினர், விறாந்தையில் பிள்ளைக்கருகே இருந்து சிகரெட் பிடிப்பவரை எழுப்பி வெளியே அனுப்பலாம்.