ஒலிவம்: ஒரு சொல் விளக்கம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊரின் மளிகைக் கடைகளில் ஒரே புட்டிக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தேவாலயத்துக்குச் செல்லும் குடும்பத்தார் அதை ஒலிவ எண்ணெய் என்கின்றனர்; தமிழ் முஸ்லிம்கள் சைத்தூன் எண்ணெய் என்கின்றனர்; நாளிதழின் சமையல் பக்கத்தைப் படித்துவிட்டு வருவோர் ஆலிவ் எண்ணெய் எங்கே என்று கேட்கின்றனர். புட்டியின் மீதோ மலாய் மொழியில் 'மின்யாக் சைத்துன்' என்று அச்சிட்டிருக்கிறது. தமிழ்ப்பள்ளி மாணவர் கட்டுரை எழுதும்போது இவற்றுள் எதை எழுதுவது என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடை காண, முதலில் 'எண்ணெய்' என்னும் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும்.

எள் என்பதும் நெய் என்பதும் புணர்ந்து எண்ணெய் ஆயின. அதாவது, இச்சொல் பிறந்தபோது எள்ளிலிருந்து பிழிந்த நெய்யை மட்டுமே குறித்தது. பின்னர் அதன் பொருள் விரிந்து, தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என எந்த வித்தின் நெய்யையும் குறிக்கத் தொடங்கியது. நிலத்தடியில் கிடைத்த எரிபொருளும் மண்ணெண்ணெய் ஆயிற்று. மலாய்க்காரர் அதையே 'மின்யாக் தானா' என்று அழைப்பதும் மண்ணையும் எண்ணெயையும் சேர்த்துத்தான். பொதுப்பெயரை இழந்த எள்ளின் எண்ணெய்க்கு நல்லெண்ணெய் என்று தனிப்பெயர் இட வேண்டியதாயிற்று.

இதே வரலாறு மேற்கே ஒலிவத்துக்கு நேர்ந்தது. கிரேக்கத்தில் 'எலையா' என்பது மரம், 'எலையோன்' என்பது அதன் நெய். இவை இலத்தீனில் 'ஒலீவா', 'ஓலெயும்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஆலிவ்', 'ஆயில்' என்று நின்றன. ஆகவே 'ஆயில்' என்ற சொல்லின் அடியிலேயே ஒலிவம் இருக்கிறது, எண்ணெயின் அடியில் எள் இருப்பதுபோல. அரபு மொழியிலும் எண்ணெயைக் குறிக்கும் 'சைத்', மரத்தைக் குறிக்கும் 'சைத்தூன்' ஆகிய இரண்டும் ஒரே வேரைச் சேர்ந்தவை. அந்த 'சைத்'தைத்தான் ஸ்பானியர் 'அசெய்தே' என்று இன்றும் சமையலறையில் சொல்கின்றனர். ஒரு மக்கள் முதன்முதலில் எதைப் பிழிந்தனர் என்பதை அவர்களுடைய சொல்லே சொல்லிவிடுகிறது.

இனி, மூன்று பெயர்களைப் பார்ப்போம். 'ஆலிவ்' என்பதை எழுதத் தகாத வடிவமாகவே நான் கருதுகிறேன். வகர மெய்யில் முடியும் சொற்கள் நான்கே என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அவ், இவ், உவ், தெவ் என்பவை அவை. 'ஒலிவ' என்னும் வடிவமோ தமிழ் விவிலியத்தின் வழியே நெடுங்காலமாக மக்கள் நாவில் பழகியது; ஒலிவ மலையும் நோவாவின் புறா கொண்டுவந்த ஒலிவ இலையும் அறியாத கிறித்தவ வீடு இல்லை. இலத்தீன வடிவத்துக்கு நெருக்கமாகவும், தமிழ் ஒலி மரபுக்கு இசைவாகவும், அம் ஈறு ஏற்று 'ஒலிவம்' என்று நிற்கத் தக்கதாகவும் அது இருக்கிறது. சைத்தூன் என்பதும் பிழையன்று; திருக்குர்ஆனின் 95ஆம் அத்தியாயம் அத்தியின் மீதும் சைத்தூனின் மீதும் சத்தியமிட்டுத் தொடங்குகிறது; அச்சொல்லுக்கு அந்த வீடுகளில் உள்ள இடத்தை வேறு எந்தச் சொல்லும் பெற முடியாது.

தனித்தமிழ் வேண்டுவோர் சிலர் 'இடலை எண்ணெய்' என்று எழுதுகின்றனர். இடலை என்பது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும், ஒலிவத்தின் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு மரம். உறவு மெய்தான், ஆனால் மல்லிகையும் பவழமல்லியும்கூட ஒலிவத்தின் குடும்பமே. உறவினரின் பெயரை இவருக்குச் சூட்டுவது குழப்பத்தையே தரும். நம் ஊரைச் சுற்றியுள்ள செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையை, இங்கே எண்ணிப் பார்க்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அம்மரம் 1917இல் கோலசிலாங்கூர் பக்கம் தென்னமரம் தோட்டத்தில் வணிகப் பயிராக நடப்பட்டது. அதன் செந்நிறப் பழத்தைப் பார்த்து வேலை செய்த மலேசியத் தமிழரிடையே செம்பனை என்னும் அழகிய பெயர் நிலைத்தது. கண்டு பழகிய மரத்துக்கு அப்படிப் பெயர் அமையும். பூப்பதற்குக் குளிர்காலத்தின் குளிர்ச்சி வேண்டும் ஒலிவமோ இந்த ஈர வெப்பத்தில் காய்த்துப் பயன் தருவதில்லை. காணாத மரத்தின் பெயரை வந்த வடிவிலேயே ஏற்பதுதான் நேர்மை.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒலிவ எண்ணெய் என்பதைச் சேர்த்து எழுதினால் 'ஒலிவவெண்ணெய்' ஆகி, வெண்ணெய் என்று படிக்கப்படும். ஆகையால் பிரித்தே எழுதுக.

பெயர் அயலானது என்றாலும், தொழிலுக்குரிய சொற்கள் நம்மிடம் உண்டு. எள், கடலை, ஆமணக்கு எல்லாம் வித்தில் எண்ணெய் கொண்டவை. செம்பனையும் ஒலிவமும் பழத்தின் சதையிலேயே எண்ணெய் கொண்டவை. குலை வெட்டிய செம்பனையைத் தாமதமின்றி ஆலைக்கு அனுப்பாவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒலிவத்தையும் அவ்வாறே ஒரு நாளுக்குள் அரைத்துவிடுவது நல்லது. செம்பனையை ஆவியில் வேகவைக்கின்றனர், ஒலிவத்தை வேகவைப்பதில்லை. கழுவி, கொட்டையோடு அரைத்து, அந்த விழுதை 27 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறாமல் சுமார் அரை மணி நேரம் பிசைந்து, சுழற்சிப் பொறியில் எண்ணெயையும் நீரையும் சக்கையையும் பிரிக்கின்றனர். ஏறத்தாழ 5 கிலோ பழத்துக்கு 1 லிட்டர் கிடைக்கும். வகைக்கும் பருவத்துக்கும் ஏற்ப இது கூடும், குறையும்.

சிறு விவசாயி வளர்க்கும் நிலத்தை ஒலிவத் தோட்டம் என்பதைவிட ஒலிவத் தோப்பு என்பதே நமக்குப் பொருந்தும். மலேசியத் தமிழில் தோட்டம் என்றவுடன் நிர்வாகமும் தண்டல் என்னும் மேற்பார்வையாளரும் லயன் என்னும் வரிசை வீடுகளும் நினைவுக்கு வந்துவிடும். பழம் நீக்கிய செம்பனையின் வெறுங்குலைகளை நம் தோட்டங்களில் மரங்களுக்கிடையே பரப்புவது போல, அத்தோப்புகளில் கவாத்து செய்த கிளைகளைப் பொடித்து மண்ணுக்கே திருப்புகின்றனர், சக்கையை மட்கவைத்து உரமாக்குகின்றனர், கொட்டையை எரிபொருளாக்குகின்றனர். ஒலிவம் மாமரத்தைப் போல ஓராண்டு நிறையக் காய்த்து மறு ஆண்டு குறையக் காய்க்கும் இயல்புடையது; முறையான கவாத்து அந்த ஏற்றத்தாழ்வைக் குறைக்கும்.

ஆங்கிலம் ஒரே சொல்லால் குறிக்கும் இடத்தில் தமிழுக்கு மூன்று சொற்கள் இருப்பது இங்கே பெரிதும் உதவுகிறது. பச்சையாக இருப்பது ஒலிவக்காய், நிறம் மாறத் தொடங்குவது செங்காய், கறுத்து முதிர்ந்தது பழம். கைப்பும் காரமும் மணமும் உள்ள எண்ணெய் வேண்டுவோர் செங்காய்ப் பருவத்திலேயே பறிக்கின்றனர். பழுக்கவிட்டால் எண்ணெய் கூடும், மணம் குறையும்.

புட்டியில் காணும் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்பதைக் 'கன்னி எண்ணெய்' என்று பெயர்ப்பது பொருளற்றது. வேதிப்பொருளோ மிகை வெப்பமோ இன்றி, பொறியால் மட்டும் பிரித்தெடுத்த எண்ணெய் என்பதே அதன் கருத்து. மேல்தரத்தில் தனி அமிலம், அதாவது கொழுப்பிலிருந்து பிரிந்து நிற்கும் அமிலம், 0.8 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அடுத்த தரத்தில் 2 விழுக்காடு வரை இருக்கலாம். இவற்றை முறையே 'உயர் இயற்பிழிவு', 'இயற்பிழிவு' என்று எழுதலாம் என்பது என் பரிந்துரை. மரச்செக்கு எண்ணெய்க்கும் சுத்திகரித்த எண்ணெய்க்கும் வேறுபாடு அறிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

தரையில் உதிர்ந்து கிடந்த பழத்திலிருந்து வரும் தாழ்ந்த எண்ணெயை இத்தாலியர் விளக்கின் பெயரால் 'லம்பாந்தே' என்கின்றனர். சுத்திகரிக்காமல் அதை உண்ணலாகாது. அதை மட்டும் விளக்கெண்ணெய் என்று மொழிபெயர்த்துவிடக் கூடாது. தமிழில் விளக்கெண்ணெய் ஆமணக்கின் எண்ணெய். 'எரிதர ஒலிவ எண்ணெய்' என்று எழுதினால் போதும்.