இலைக்கு இடம் தராத இன்ஃபியூசர்

குன்னூரில் தேயிலை ருசி பார்ப்பது என் தொழில். "நீலகிரி ஆர்த்தடாக்ஸ் வாங்கினோம், வெறும் வெந்நீர் மாதிரி இருக்கிறது" என்று குறைப்படுபவர்களிடம், எதில் போட்டீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் ஒரே பதில்: இன்ஃபியூசர், அதாவது இலையை உள்ளே அடைத்து வெந்நீரில் முக்கும், சங்கிலி தொங்கும் அந்தச் சின்ன எவர்சில்வர் உருண்டை.

அடுத்த முறை டீ போட்டதும் உருண்டையைத் திறந்து பாருங்கள். ஓரத்து இலை விரிந்து செம்பு நிறத்தில் இருக்கும். நடுவில் இருப்பதை விரலால் பிரித்தால் சுருண்டது சுருண்டபடி, கறுப்பாக, அரைகுறையாக நனைந்து கிடக்கும். ஆர்த்தடாக்ஸ் என்பது முறுக்கிக் காயவைத்த இலை. வெந்நீர் பட்டால் உப்பி விரியும். உருண்டையை நிறைத்து மூடினால் அது எங்கே விரிவது? சாயம் இறங்கவில்லையே என்று பத்து நிமிடம் ஊறவைக்கிறார்கள், கரண்டியால் அழுத்திப் பிழிகிறார்கள். அப்போது ஓரத்து இலையின் துவர்ப்புதான் கூடுதலாக இறங்கும். அப்புறம் பழி தோட்டத்தின் மேல். இலை பறித்தவர்களின் உழைப்பு இப்படிக் குப்பைக்குப் போவது எனக்கு வருத்தம்தான்.

ருசி பார்க்கும் மேசையில் நாங்கள் இன்ஃபியூசரே வைப்பதில்லை. மூடி போட்ட பீங்கான் குவளை, 100 மில்லி தண்ணீருக்கு 2 கிராம் இலை, 6 நிமிடம். ஐ.எஸ்.ஓ. 3103 தரநிலை சொல்லும் முறை இது. இலை தண்ணீரில் தாராளமாக மிதக்கும். கவிழ்க்கும்போது குவளையின் பல்வெட்டு விளிம்பு இலையைத் தடுத்துக்கொள்ள, சாறு மட்டும் கிண்ணத்தில் வடியும். அந்த 6 நிமிடம் இலையின் குறைகளைக் கண்டுபிடிக்க. வீட்டில் குடிக்க 3, 4 நிமிடமே போதும்.

இன்ஃபியூசர் வாங்குவதென்றால் கூடை வடிவத்தில் வாங்குங்கள். கோப்பையின் வாய் அளவுக்கு அகலமும் அடிவரை இறங்கும் ஆழமும் வேண்டும். இலை விரிந்த பிறகும் பாதிக் கூடை காலியாக இருந்தால் சரியான அளவு. அதுவும் கட்டாயமில்லை, மூடியுள்ள பாத்திரமும் வீட்டு டீ வடிகட்டியும் அதே வேலையைச் செய்யும். டஸ்ட் எனும் தூள் தேயிலையை மட்டும் கூடையில் போடாதீர்கள், கண்ணி வழியே கோப்பைக்குள் இறங்கிவிடும். அதற்குக் கொதிக்கவைத்து வடிகட்டுவதுதான் சரி.

கரண்டி அளவும் ஏமாற்றும். ஒரு கரண்டி டஸ்ட் கனக்கும். ஆர்த்தடாக்ஸ் இலை இடத்தை அடைக்குமே தவிர எடை இருக்காது. சமையலறைத் தராசில் ஒரு முறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் பிறகு கண்ணே அளந்துவிடும்.

சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்னூரில் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். சமவெளியில் 100 டிகிரி வரை போகும். அதனால் இங்கே சுவைத்த அதே இலை சென்னையில் சீக்கிரமே சாயம் விடும்; அரை நிமிடம் முன்னதாகவே எடுத்துப் பாருங்கள். கிரீன் டீக்கு 80 டிகிரி அளவு போதும், கொதிநீர் ஊற்றினால் கசக்கும்.

பிளாஸ்டிக் வலை வேண்டாம். நைலான் போன்ற பிளாஸ்டிக் டீ பைகள் வெந்நீரில் நுண்துகள்களை உதிர்ப்பதாகக் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் எழுதினார்கள். அவர்கள் சொன்ன எண்ணிக்கையைப் பற்றி விவாதம் உண்டு. என்றாலும் எவர்சில்வர் எளிதாகக் கிடைக்கும்போது அந்தச் சந்தேகம் நமக்கு எதற்கு?

குடித்ததும் இலையைக் கொட்டிக் கூடையைக் கழுவிவிடுங்கள். கண்ணியில் கறை படிந்தால் சமையல் சோடா கரைத்த வெந்நீரில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போய்விடும்.