ராகிக் காட்டில் பரண் போடுவதற்கு முன்

ஆவணி பிறந்தால் எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "சார், இந்த வருஷம் பயிர்க் காவலுக்கு நம்ம காட்டுல பரண் போடலாம்னு இருக்கேன். எத்தனை அடி உயரம் வேணும்?" கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தளி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் காட்டோரக் கிராமங்களில் இருபது வருஷத்துக்கு மேல் வேளாண் பணியில் சுற்றியவன் என்பதால் என்னைக் கேட்கிறார்கள். நான் உடனே உயரம் சொல்வதில்லை. "ராத்திரி அதுல யாருண்ணா உட்காரப் போறாங்க?" என்று திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அங்கேயே பேச்சு நின்றுவிடும். மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிறான். அப்பாவுக்கு எழுபது வயது. கூலிக்கு ஆள் வைத்தால் ராகி விற்ற பணம் அதற்கே போய்விடும்.

பரண் தானாகக் காவல் காக்காது. கதிர் விட்ட நாளிலிருந்து அறுத்துப் போர் போட்டு அடிக்கும் வரை, ஒன்றரை இரண்டு மாதம், ஒருவர் தூக்கம் கெட்டு மேலே உட்கார்ந்தால்தான் காக்கும். அந்த ஆள் இல்லாத வீட்டுக்குப் பரண் வேண்டாம் என்பதுதான் என் முதல் பேச்சு. ஆள் இருந்தால் அடுத்த கேள்விக்குப் போவோம்: பயிரைத் தின்ன வருவது எது?

இதை விசாரிக்காமலே கம்பு வெட்டப் போகிறவர்கள் நிறைய. ஒரு மரவள்ளித் தோட்டத்தில் கிழங்கெல்லாம் தோண்டிக் கிடந்தது. காட்டுப்பன்றிதான் என்று முடிவு கட்டி, பத்தடிப் பரணுக்குக் கம்புகூட வாங்கி இறக்கிவிட்டார்கள். நான் போனபோது வரப்பை ஒட்டி நாலைந்து இடத்தில் மண்ணைச் சலித்துப் பொடியாகத் தூவச் சொன்னேன். மறுநாள் காலையில் பார்த்தால் பன்றிக் குளம்பு ஒன்றுகூட இல்லை. சின்னக் கைபோலப் பாதத் தடம், பக்கத்தில் கோடு இழுத்தது போல முள் உரசின அடையாளம். முள்ளம்பன்றி. அதற்குப் பரண் எதற்கு? வேலியின் அடியில் இருந்த இடைவெளியை நெருக்கமாகக் கல் வைத்து அடைத்தார்கள். வேலை முடிந்தது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் ஒரு வாரம் சாயங்காலம் மண் தூவி, காலையில் தடம் பார்த்துவிட்டு வாருங்கள் என்கிறேன். பன்றிக்கு இரட்டைக் குளம்பு, ஈரமண்ணில் பின்னால் இரண்டு சிறு பொட்டும் விழும். யானைக்கு விளக்கமே தேவையில்லை.

பகலில் வரும் கிளிக்கும் மயிலுக்கும் ஆறடி, எட்டடி உயரத்தில் ஒரு மேடை போதும். தினைப்புனத்தில் வள்ளி ஆலோலம் பாடியது அப்படிப்பட்ட பரணில்தான். அந்தக் காலத்தில் இதற்கு இதணம் என்று பெயர். கல்லெறியும் கவணும், தட்டிச் சத்தம் எழுப்பும் தட்டை என்ற மூங்கில் கருவியும் வைத்துக்கொண்டு பெண்களே பயிரைக் காத்தார்கள். பறவைக் காவலுக்கு இன்றைக்கும் அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மயில் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, விரட்டலாமே தவிர கைவைக்கக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பன்றிக்கும் பரண் உதவும். அதற்குப் பார்வை மட்டு, மோப்பம்தான் எல்லாம். கூட்டமாக வந்து நிலக்கடலையையோ மரவள்ளியையோ கிளற ஆரம்பித்தவுடன் மேலிருந்து டார்ச் அடித்துச் சத்தம் கொடுத்தால் கலைந்துவிடும். கீழே நின்று கத்துகிறவர் மீது மிரண்ட பன்றி பாய்ந்து தொடையைக் கிழித்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். பன்றிக்காகப் போடும் பரணின் முதல் பலன், ஆள் தரையில் இல்லாமல் இருப்பது.

யானை என்றால் கதையே வேறு. எங்கள் பக்கம் அக்டோபர், நவம்பர் ஆனால் கர்நாடகத்தின் பன்னேருகட்டாவிலிருந்து யானைகள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கும். ராகி பால் பிடிக்கும் நேரமும் அதுதான். தளிக்குப் பக்கத்தில் ஒரு நவம்பர் ராத்திரி ஒரு விவசாயியோடு பரணில் உட்கார்ந்திருந்தேன். நான்கு சவுக்குக் கம்பு, பன்னிரண்டு அடி. பனி இறங்கிவிட்டது, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நடக்கிற சத்தம் கேட்கவே இல்லை. முதலில் கேட்டது 'சரக்' என்று ராகித் தூரைப் பிடுங்கும் ஒலி. அப்புறம் 'தப்… தப்…' என்று இரண்டு அடி. வேரில் ஒட்டிய மண் போக, பிடுங்கின தூரை முன்னங்காலில் தட்டிக்கொள்கிறது. மறுபடி சரக், மறுபடி தப் தப். அவ்வளவு நிதானம். ஒற்றைக் கொம்பன். மேய்ந்துகொண்டே வந்து எங்கள் பரண் காலில் முதுகைச் சாய்த்து ஒரு தேய்ப்புத் தேய்த்தது. மேடை முழுக்க ஆடியது. அது போன பிறகு அவர் மெல்லச் சொன்னார்: "கெழக்கால் கொஞ்சம் உளுத்திருக்கு சார். மாத்தணும்னு நெனச்சுட்டேதான் இருந்தேன்."

விடிந்ததும் இறங்கி அந்தக் காலைப் பார்த்தேன். வெளியே பட்டை நன்றாகத்தான் இருந்தது. மண்ணும் கம்பும் சேரும் இடத்தில் அருவாள் மூக்கை வைத்து அழுத்தினேன். இரண்டு விரல் ஆழம் அப்படியே உள்ளே போனது, மாவு மாவாகக் கொட்டியது. அதில் ஒரு மனிதர் மூன்று வருஷமாக ஏறிப் படுத்துக்கொண்டிருக்கிறார்.

ஆகவே யானை வழக்கமாக நடந்துபோகும் தடத்தில் உங்கள் நிலம் இருந்தால், கம்பு நட்டுப் பரண் போடாதீர்கள் என்று உறுதியாகச் சொல்கிறேன். பெரிய ஆண் யானையின் தோள் 9 அடி இருக்கும். தும்பிக்கையைத் தூக்கினால் 15 அடிக் கிளையும் அதற்கு எட்டும். இரண்டு பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்கிற பருமனுள்ள உயிர்மரம், அதில் இருபதடிக்கு மேல் வலுவான கவை இருந்தால் யோசிக்கலாம். பலாவும் மாவும் வேண்டாம், பழக் காலத்தில் யானையை அதுவே கூப்பிடும். அப்படி மரம் இல்லையென்றால் ஊரார் சேர்ந்து காவல் இருப்பதும், யானை இறங்கியது தெரிந்தவுடன் வனத்துறைக் காவலர்களுக்கு போன் செய்வதும்தான் வழி. தனியாளாக யானையை விரட்டிப் பயிரைக் காப்பாற்றினேன் என்று பெருமையாகச் சொன்ன ஒருவரை அடுத்த வருஷம் நாங்கள் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தோம்.

இப்போது பையன்கள் போனில் அமெரிக்க வீடியோக்களைக் காட்டுகிறார்கள். அங்கே சொந்த நிலத்தில் மான் வேட்டைக்காக உயரமான பெட்டிப் பரண் நிறுத்துவது வழக்கம். நான்கு பக்கமும் மூடி, சின்ன ஜன்னல் வைத்து, ஆள் இருப்பதே தெரியாமல் செய்திருப்பார்கள். 'இதே மாதிரி செஞ்சுடலாமா சார்?' என்று கேட்கிறார்கள். அவர்களுக்கு உரிமமும் வேட்டைக் காலமும் உண்டு. நமக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சுடுவது மட்டும் வேட்டை என்று நினைக்க வேண்டாம். சுருக்கு வைப்பது, விஷம் வைப்பது, இரை வைத்துப் பிடிப்பது, அதற்கு முயற்சி செய்வது எல்லாமே அந்தச் சட்டத்தில் வேட்டைதான். காட்டுப்பன்றி விஷயத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் அறிவித்த முறைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வருவதைச் சுடலாம். சுடுவது வனத்துறையினர் மட்டுமே. 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது. பரணில் நாட்டுத் துப்பாக்கியோ, மிருகம் கடித்தால் வெடிக்கும் அவுட்டுக்காயோ இருந்தால் அதன் பெயர் காவல் பரண் இல்லை, வழக்கு.

சட்டத்தை விடுங்கள், வேலையே நேரெதிர். வேட்டைக்காரர் மறைந்திருக்க வேண்டும். காவல்காரர் இருப்பது தெரிய வேண்டும். எங்கள் காட்டோர நிலங்கள் பெரும்பாலும் சரிவின் அடியில் இருக்கின்றன. ராத்திரியில் குளிர்ந்த காற்று மேட்டுக்காட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். மிருகமும் மேட்டிலிருந்தே வரும். நம் வாடை அதற்குப் போகாது, ஊர்ப் பக்கம் போய்விடும். பரணுக்கு ஐந்தடி பக்கத்தில் வந்த பிறகுதான் மேலே மனிதன் இருப்பதே யானைக்குத் தெரியும். அப்போது அது மிரளும். மிரண்ட யானையைவிட ஆபத்து வேறு கிடையாது. அதனால் ஒரு சின்ன விளக்கு எரியட்டும், ரேடியோ பாடட்டும், இரண்டு பேர் என்றால் பேசிக்கொண்டிருங்கள். பரணை நான்கு பக்கமும் மூடாதீர்கள். மேலே கூரை மட்டும் போதும்.

சரி, ஆள் இருக்கிறார், வருவது பன்றிதான். அடுத்து நிலத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஐந்து ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் ஏறக்குறைய 470 அடி. நட்டநடுவில் பரண் போட்டால் எந்த மூலையும் 330 அடிக்குள் வந்துவிடும், நல்ல டார்ச் எட்டும். அதே ஐந்து ஏக்கர் 150 அடி அகலத்தில் ரிப்பன் மாதிரி இருந்தால் நீளம் 1,450 அடி ஆகிவிடும். நடுவில் உட்கார்ந்தாலும் இரண்டு கோடியும் இருட்டுதான். பங்கு பிரித்துப் பிரித்து எங்கள் பக்கம் நிலமெல்லாம் இப்படித்தான் ஆகிவிட்டது. கெலமங்கலம் பக்கம் ஒரு அண்ணன் தம்பி மூவர், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஆளுக்கொரு பரணுக்கு என்னிடம் கணக்குக் கேட்டார்கள். மூன்று பங்கும் சேரும் வரப்பில் ஒரு பாறை மேடு இருந்தது. அதன்மேல் எட்டடிக் கொட்டகை ஒன்று போட்டால் மூன்று காடும் தெரியும் என்று காட்டினேன். முறை வைத்துக் காத்தார்கள். பாறை இருக்கும் நிலத்துக்குப் பரண் பாதி இலவசம்.

பயிரின் உயரமும் முக்கியம். ராகியும் கடலையும் தாழ்வு, பத்தடியிலிருந்து தரை தெரியும். மக்காச்சோளம் ஏழெட்டடி வளர்ந்துவிட்டால் மேலிருந்து கதிரின் கொண்டைதான் தெரியும், உள்ளே பன்றி குடும்பம் நடத்தினாலும் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். கரும்புக்குப் பரண் போட்டு யாரும் பயன் பெற்று நான் பார்த்ததில்லை.

கட்டுவது பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஊர் ஆசாரிக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூங்கிலை அப்படியே மண்ணில் நட்டால் இரண்டு மழைக்கு மேல் நம்பாதீர்கள். சவுக்கோ தைலமரமோ என்றாலும் மண்மட்டத்தில்தான் முதலில் போகும். கால்களை மூன்றடி புதைத்து, கீழே சற்று அகட்டி, நான்கு பக்கமும் குறுக்குக் கட்டை பெருக்கல் குறி போல அடித்தால்தான் ஆட்டம் நிற்கும். வெறும் நான்கு காலும் மேலே பலகையும் வைத்துக் கட்டியது காற்றுக்கே சாயும். கரிசல் நிலத்தில் மழைக்கு மண் இளகும், கூடுதல் கவனம் வேண்டும். வருஷா வருஷம் ஏறுவதற்கு முன் நான் செய்த அருவாள் மூக்குச் சோதனையை நான்கு காலிலும் செய்யுங்கள்.

மேடையைச் சுற்றி இரண்டரை அடிக்குத் தடுப்புக் கம்பு கட்டாயம். 'நான் என்ன குழந்தையா?' என்பார்கள். விழுகிறவர்கள் ஏறும்போது விழுவதில்லை, விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கத்தில் புரளும்போது விழுகிறார்கள். இடுப்பில் ஒரு கயிறு கட்டி மரத்தோடு முடிந்துகொள்ளுங்கள். தண்ணீர், போர்வை, ஒன்றுக்குப் போக ஒரு டப்பா எல்லாம் மேலேயே இருக்கட்டும். நான் பார்த்தவரை ஆபத்து வந்தது பரணில் இருக்கும்போது குறைவு, ஒரு நிமிஷம் என்று கீழே இறங்கியபோது அதிகம். கரடி இருக்கும் இடங்களில் இன்னும் அதிகம். விடிந்து நன்றாக வெளிச்சம் வந்த பிறகே இறங்குங்கள்.

ஒரே ஒரு நேரத்தில் மட்டும் உடனே இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் கட்டினால், வெட்டவெளிக் காட்டில் உயர்ந்து நிற்பது உங்கள் பரண்தான். முதல் இடி காதில் விழுந்ததும் வீட்டுக்குப் போய்விடுங்கள். அன்றைக்குப் பயிர் போனால் போகட்டும். மின்கம்பி போகும் இடத்துக்குக் கீழேயும் பக்கத்திலும் பரண் கூடவே கூடாது.

மின்சாரம் என்றதும் இன்னொன்று. பரணுக்கு ஆள் இல்லாதவர்கள் கடைசியில் மோட்டார் லைனிலிருந்து வேலிக் கம்பிக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஹள்ளிப் பக்கம் அப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் ஒரே ராத்திரியில் செத்தன. இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி நின்றதை மாவட்டமே பார்த்தது. அதே கம்பியில் நாளைக்குத் தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் பிள்ளையும் கால் வைக்கலாம். சூரிய மின்வேலி வேண்டுமென்றால் அதற்குத் தமிழ்நாட்டில் 2023-இல் தனி விதிகளே வந்திருக்கின்றன. வனத்துறையில் பதிவு செய்து, விட்டு விட்டு அதிர்ச்சி கொடுக்கும் முறையான கருவியை வைத்துப் போடலாம். ஆள் இல்லாத வீட்டுக்குப் பரணைவிட அது எவ்வளவோ மேல். பயிர் போய்விட்டால் அழித்து உழுவதற்கு முன் போட்டோ எடுத்து, வி.ஏ.ஓ.விடமும் வனச்சரக அலுவலகத்திலும் சொல்லி எழுதிக் கொடுங்கள். உழுத பிறகு வந்து இழப்பீடு கேட்டால் எங்களால் ஒன்றும் செய்ய முடிவதில்லை, அந்த வருத்தம் எனக்கு நிறைய உண்டு.

போர் அடித்து ராகி வீட்டுக்கு வந்தவுடன் ஏணியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்விடுங்கள். தை லீவில் ஊர்ப் பிள்ளைகள் பரண்மேல்தான் விளையாடுவார்கள். அந்த நேரத்தில் அதன் கால் எப்படி இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.